தட்டு வெட்டும் இயந்திரத்தின் வாய்

சேலத்தில் விவசாயக் கருவிகள் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்து, மாட்டுக்குச் சோளத்தட்டும் புல்லும் நறுக்கும் தட்டு வெட்டும் இயந்திரம் வேண்டும் என்று கேட்டாலும், கடைக்காரர் முதலில் கத்தியைத்தான் காட்டுவார். இரண்டு கத்தியா, மூன்று கத்தியா, எந்த எஃகு, சாணை எத்தனை நாள் தாங்கும், மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்றே பேச்சு போகும். வாங்க வந்தவரும் கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். இந்த இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பண்ணைகளில் உருப்பெற்ற கதையைப் படித்துக்கொண்டு வரும்போது, அந்த நூற்றாண்டு முழுவதும் கருவி செய்தவர்களை அலைக்கழித்தது கத்திக்கு முன்னால் தட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாய்ப்பகுதிதான் என்று எனக்குப் பட்டது. கத்தியின் சிக்கல் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. வாயின் சிக்கல் இன்றும் முழுதாகத் தீரவில்லை.

இயந்திரத்துக்கு முன்பு அங்கே இருந்தது ஒரு மரப்பெட்டி. கால்களின்மேல் நிற்கும் நீளமான தொட்டி அது. ஒரு முனை திறந்திருக்கும், அந்த முனையின் விளிம்பில் இரும்புப் பட்டை அடித்திருக்கும். வைக்கோலைத் தொட்டியில் நிரப்பி, ஒரு கையால் சிறு கவைக்கோலைக் கொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ள வேண்டும். காலால் மிதிகட்டையை அழுத்தினால் மேலிருந்து ஒரு கட்டை இறங்கி வைக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது மறு கையால், ஒரு பக்கம் பிணைத்திருக்கும் நீண்ட கத்தியை இழுத்து வெட்ட வேண்டும். இரண்டு கையும் ஒரு காலும் ஒன்றோடொன்று இசைந்து ஓடினால்தான் துண்டுகள் ஒரே அளவாக விழும். இதற்குப் பழகிய ஆட்கள் பண்ணை பண்ணையாகச் சென்று கூலிக்கு வைக்கோல் நறுக்கிக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் சோளத்தட்டுக் கட்டை மரக்கட்டையின்மேல் வைத்து, ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கொடுவாளால் துண்டு போடுகிறவரும் அதே மூன்று வேலைகளைத்தான் செய்கிறார்: தள்ளுவது, பிடிப்பது, வெட்டுவது. மூன்றில் ஒன்றுதான் கத்தியின் வேலை.

எதற்காக இவ்வளவு சிரமப்பட்டு நறுக்க வேண்டும் என்பதை வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முழுத்தட்டாகப் போட்டால் மாடு தோகையை உருவித் தின்றுவிட்டு அடித்தண்டை ஒதுக்கிவிடும். ஒதுக்கியது காலடியில் மிதிபட்டுச் சாணியோடு குப்பைக்குழிக்குப் போய்ச் சேரும். நறுக்குவதால் தட்டில் இல்லாத சத்து புதிதாக வந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொறுக்கித் தின்னும் வழக்கம் அடைபடுகிறது, தவிடும் புண்ணாக்கும் தட்டோடு கலந்து இறங்குகின்றன, கழிவு குறைகிறது. மிகப் பொடியாக நறுக்கினால் மாடு அசைபோடுவது குறைந்துபோகும். ஆகவே குதிரைக்கு நறுக்கிய அளவில் மாட்டுக்கு நறுக்கக் கூடாது என்பதை அன்றைய பண்ணைக்காரர்களே அறிந்திருந்தார்கள்.

இந்தச் சிக்கனத்துக்கு அக்காலத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. 1850களில் தொடங்கப்பட்டு, லண்டனில் குதிரை பூட்டிய பேருந்துகளை ஓட்டிவந்த லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி தன் 6,000 குதிரைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முழு ஓட்ஸும் நறுக்காத உலர்புல்லும், மறு பாதிக்கு நசுக்கிய ஓட்ஸும் நறுக்கிய புல்லும் வைக்கோலும் கொடுத்துப் பார்த்தது. முதல் பாதிக்கு ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 32 ராத்தல் தீவனம் பிடித்தது. மறு பாதி 26 ராத்தலிலேயே அதே வேலையைச் செய்து, அதே உடற்கட்டோடு இருந்தது. இயந்திரம் விற்றவர்கள் இந்த 6 ராத்தலை முழுவதும் தங்கள் சக்கரத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். தானியத்தை நசுக்கிக் கொடுத்ததன் பங்கும் அதில் இருக்கிறது என்பதைக் கவனித்துப் படிக்கிறவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கத்தியைச் சக்கரத்தில் ஏற்றும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. விதைக்கும் கருவிக்காகப் பெயர்பெற்ற ஜேம்ஸ் குக் 1794இல் நறுக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பெட்ஃபோர்டு பிரபுவின் வோபர்ன் பண்ணையில் பணியாற்றிய ராபர்ட் சால்மன், 1797இல் இரண்டு சக்கரங்களை இணைத்து அவற்றின் வட்டையில் கத்திகளைப் பூட்டினார். அடுத்த சில பத்தாண்டுகளில், கனமான வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்று, அதன் ஆரக்கால்களில் போல்ட்டால் இறுக்கிய வளைந்த கத்திகள், அவற்றுக்கு எதிரே அசையாத எஃகு உதடு, அதற்குப் பின்னால் பல் வைத்த இரண்டு உருளைகள் என்னும் வடிவம் நிலைபெற்றது. இன்று அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையில் கையால் சுற்றுகிற சக்கரம் இருந்தால், அதன் உறுப்புகள் இவையேதான்.

கத்தி ஏன் வளைந்திருக்கிறது என்று பலருக்கும் தோன்றியிருக்கும். நேர்க்கத்தியாக இருந்தால் வாயின் அகலம் முழுவதையும் ஒரே அடியில் சந்திக்கும். ஒவ்வோர் அடிக்கும் சக்கரம் திடுக்கிட்டு நிற்கப் பார்க்கும். வளைந்த கத்தி வாயின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை வழுக்கிக்கொண்டு அறுப்பதால், எந்த நொடியிலும் சில தண்டுகளை மட்டுமே வெட்டுகிறது. சுற்றுகிற கைக்குச் சுமை சீராகத் தெரிகிறது. சக்கரத்தின் கனமும் வெறும் கனமன்று. வெட்டு இல்லாத இடைவெளியில் அது வேகத்தைச் சேர்த்துவைத்து, வெட்டு வரும்போது கொடுக்கிறது.

உருளைகளின் சங்கதி இதைவிட நுட்பமானது. கைவிட்டுத் தள்ளிய பெட்டியில் ஆள்தான் துண்டின் நீளத்தைத் தீர்மானித்தான். சக்கரத்தின் அச்சிலிருந்தே பற்சக்கரம் மூலமாக உருளைகள் சுழலத் தொடங்கியதும், நீளத்தைக் கணக்கு தீர்மானித்தது. இரண்டு கத்தி பூட்டிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உருளைகள் தட்டை ஓர் அங்குலம் முன்னே தள்ளினால், துண்டு அரை அங்குலமாக விழும். ஒரு கத்தியைக் கழற்றி வைத்துவிட்டால் அதே வேகத்தில் ஓர் அங்குலத் துண்டு விழும். பற்சக்கரத்தை மாற்றினால் வேறோர் அளவு. இப்படிக் குதிரைக்கு ஓர் அளவும் மாட்டுக்கு ஓர் அளவும் ஒரே இயந்திரத்தில் கிடைத்தன. வாயில் நுழையும் கட்டு ஒருபோதும் ஒரே தடிமனாக இருக்காது என்பதால், மேல் உருளை மட்டும் ஏறி இறங்கும்படி விட்டு, எடைக்கல்லோ வில்லோ அதைக் கீழே அழுத்தும்படி வைத்தார்கள். பழைய பெட்டியில் காலால் மிதித்த வேலை அந்த எடைக்குப் போய்விட்டது.

உருளை பிடித்ததை விடாது என்பதுதான் அதன் முழுச் சிறப்பு. அதன் முழு ஆபத்தும் அதுவே.

1838இல் தோன்றிய இங்கிலாந்தின் அரச வேளாண் சங்கம் ஆண்டுதோறும் நடத்திய கண்காட்சிகளில் இந்த இயந்திரங்களை ஒன்றோடொன்று போட்டியிடவைத்துப் பரிசு கொடுத்தார்கள். இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ், எசெக்ஸின் பென்டால், மான்செஸ்டர்ப் பக்கத்து ரிச்மண்ட் அண்ட் சாண்ட்லர், செஷயரின் கார்ன்ஸ் என்று பல பெயர்கள் புழங்கின. கையால் சுற்றிய சக்கரத்தைக் குதிரை சுற்றியது. பிறகு பெல்ட் போட்டு நீராவி எஞ்சின் சுற்றியது. கத்திக்கான எஃகு என்றால் ஷெஃபீல்டுதான். அந்த ஊரின் எஃகுக்கு நம் மாவட்டத்தோடு ஓர் உறவு உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. சேலத்து இரும்புக்கல்லைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் உருக்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, இங்கிலாந்து திரும்பியபின் 1839இல், எஃகை உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறையை ஷெஃபீல்டு பட்டறைகள் விரைவாக எடுத்துக்கொண்டன. அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் நீதிமன்ற வழக்குகள்தாம்.

அமெரிக்காவில் வேறு வழியில் போனார்கள். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 1840களில் ஹோவி என்பவர் செய்த இயந்திரத்தில் அசையாத உதடே கிடையாது. சுருளாகக் கத்திகள் பதித்த ஓர் உருளை, பச்சைத்தோல் சுற்றிய மற்றோர் உருளையின்மேல் அழுந்திச் சுழலும். இடையில் நுழைந்த புல்லை அந்த இரண்டுமே இழுத்துக்கொண்டு வெட்டிவிடும். தள்ளுவதும் வெட்டுவதும் ஒன்றாகிவிட்ட அழகான யோசனை அது. ஈரப்புல்லும் தடித்தண்டும் வந்தபோது தோலுருளை எவ்வளவு நாள் தாங்கியிருக்கும் என்பதுதான் என் சந்தேகம். பின்னாளில் ஓஹையோ மாநிலத்தில் இருக்கும் இன்னொரு சேலத்தில் சில்வர் என்னும் நிறுவனம் தீவனம் வெட்டும் இயந்திரங்களைச் செய்து நாடு முழுவதும் விற்றது. பிரான்சில் ஒகுஸ்த் கோஃபார் 1877இல் மக்காச்சோளத்தை நறுக்கிக் குழியில் அடைத்து ஊறுகாய்ப்புல் ஆக்கும் முறையை நூலாக எழுதி வெளியிட்ட பிறகு, பச்சைத் தண்டை வேகமாக நறுக்கி உயரத்துக்கு ஏற்றும் பெரிய இயந்திரங்களுக்குத் தேவை பிறந்தது. தலைவாசல் பக்கம் இப்போது மக்காச்சோளத்தைப் பச்சையாக வெட்டி, மூட்டையாக இறுக்கிக் கட்டி விற்கிறவர்கள் செய்வது அதன் தொடர்ச்சிதான்.

சென்னை மாகாணத்துக்குச் சீமைக் கருவிகள் வராமல் இல்லை. 1860களில் ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசனின் முயற்சியால் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டு, மேல்நாட்டுக் கருவிகள் அங்கே பரிசோதிக்கப்பட்டன. அவை ஊர்களுக்குப் பரவவில்லை. இதற்கு நம் குடியானவர்களின் பழைமைப்பிடிப்பைக் காரணம் காட்டுவது அதிகாரிகளுக்கு எளிதாக இருந்தது. என் கணக்கு வேறு. ஓர் ஏர் மாடும் ஒரு பசுவும் வைத்திருந்த வீட்டுக்கு, ஒரு கொடுவாளும் மாலையில் அரைமணி நேரமும் போதும். வார்ப்பிரும்புப் பற்சக்கரம் ஒன்று உடைந்தால் அதை வார்த்துக் கொடுக்கப் பக்கத்தில் பட்டறை கிடையாது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டபோது தட்டுப்போரில் தட்டே இல்லை. இருக்கிற தட்டைத்தான் இயந்திரம் மிச்சப்படுத்தும். நிலை மாறியது மின்சாரமும் கூட்டுறவுப் பாலும் கோ-4 என்னும் தீவனப்புல்லும் ஊருக்குள் வந்த பிறகுதான். நாள்தோறும் பச்சைப்புல்லைக் கட்டுக்கட்டாக நறுக்க வேண்டியவருக்குக் கொடுவாள் கட்டுப்படியாகாது.

ஆபத்துக்கு வருகிறேன். நீராவி எஞ்சின் பெல்ட்டில் ஓடிய இயந்திரத்தில் உருளை கையைக் கவ்வினால் நிறுத்த நேரம் இருக்காது. கையால் சுற்றுகிறவன் அலறல் கேட்டு நிறுத்துவான். எஞ்சினுக்குக் காது கிடையாது. சக்கரத்தில் கத்தி ஏறி ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகுதான், 1897இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. மனித உழைப்பு அல்லாத விசையால் ஓடும் இயந்திரங்களில், தட்டு ஊட்டுகிறவரின் கை உருளைகளுக்கிடையே இழுபடாதபடி வாய் அமைந்திருக்க வேண்டும்; சக்கரத்துக்கும் கத்திகளுக்கும் மறைப்பு இருக்க வேண்டும் என்பவையே அதன் சாரம். முன்னோக்கியும் பின்னோக்கியும் உருளையைத் திருப்பும் நெம்புகோலும் பல இயந்திரங்களில் வந்தது. நம் நாட்டில் ஹரியானா கிராமங்களில் விரல் இழந்தவர்களைக் கணக்கெடுத்த டில்லி ஐஐடி ஆய்வாளர்கள், உருளைகளுக்கு முன்னால் இன்னொரு சிறிய உருளையை வைத்து, கை அதில் இடித்ததும் ஆள் விழித்துக்கொள்ளும்படி ஒரு மாற்றத்தைப் பரிந்துரைத்தார்கள். செலவு சொற்பம்தான். இருந்தும் கடையில் நான் பார்க்கிற இயந்திரங்களில் அது கண்ணில் படுவதே இல்லை.

எங்கள் வீட்டு இயந்திரம் பக்கத்து ஊர்ப் பட்டறையில் செய்தது. அதன் தகரத்தொட்டி எட்டிப்பிடிக்கும் நீளத்துக்குக் குட்டையாகவே வந்தது. கேட்டதற்கு, நீளமாக வைத்தால் வண்டியில் ஏற்ற இடம் போதாது என்றார்கள். கட்டின் கடைசிப் பகுதி, முழங்கை நீளத்துக்கும் குறைவாக உருளைக்கு முன்னால் கிடக்கும்போதுதான் கை உள்ளே போகத் துடிக்கும். பச்சைப்புல் ஈரத்தோடு உருளையில் சுற்றிக்கொண்டால் இன்னும் மோசம். பிய்த்து எடுக்கச் சொல்லும். பெரியப்பா அந்த நேரத்தில் கொட்டகையின் எந்த மூலையில் இருந்தாலும், "உள்ளே கையை வுடாத கண்ணு, அடுத்த கட்டை வெச்சுத் தள்ளு" என்று குரல் கொடுப்பார். ஒரு கட்டின் வாலை அடுத்த கட்டின் தலையால் தள்ளுவது. கடைசிக் கட்டின் வாலை வெட்டாமலே மாட்டுக்குப் போட்டுவிடுவது. பிறகு நாங்கள் தொட்டியை நீட்டி, மேலே தகரம் வைத்து மூடிப் பற்றவைத்துக்கொண்டோம்.

புதிதாக வாங்க நினைக்கிறவர்கள் கத்தியைத் தடவிப் பார்ப்பதற்குமுன், மோட்டார் இணைப்பு இல்லாத நிலையில் தொட்டியின் வாசலில் நின்று, தோள் தகரத்தில் முட்டும்வரை கையை உள்ளே நீட்டிப் பாருங்கள். விரல் நுனி உருளையைத் தொட்டால் அந்தத் தொட்டி குட்டை. வீட்டில் எல்லாரிலும் கை நீளமானவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.