குதிகால், முழங்கால், 42 கிலோமீட்டர்

வலியே இல்லாமல் முதல் மாரத்தானுக்குத் தயாராக முடியுமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். முடியும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பதைத் தாண்டிய உடம்பு 42.195 கிலோமீட்டருக்குப் பழகும்போது எங்காவது ஓரிடத்தில் முனகத்தான் செய்யும். எந்த முனகலோடு ஓடலாம், எதற்கு நிற்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதே என் பயிற்சியில் பாதியாக இருந்தது.

சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கும். அதற்கான பயிற்சி ஆடி மாதப் புழுக்கத்தில் தொடங்கி, ஐப்பசி, கார்த்திகை மழையில் உச்சத்துக்குப் போகிறது. விடியற்காலை 5 மணிக்கே காற்றில் அவ்வளவு ஈரம். வியர்வை உலராது, இதயத் துடிப்பு தானாக ஏறும். அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல், பக்கத்தில் ஓடுகிறவரோடு மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகத்தில்தான் ஓடினேன். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக் கணக்காகும். ‘இன்னும் ஓடலாமே’ என்று நெஞ்சு சொல்லும்போது கால் பின்தங்கி நிற்கிறது. சின்னச் சின்ன வலிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

முதலில் வந்தது முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பின் உள்விளிம்பு நெடுக ஒரு கடுப்பு. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: “ஒரு விரல் வெச்சு இங்கதான்னு காட்ட முடியுதா மேடம், இல்ல கையால தடவிக் காட்டுறீங்களா?” நான் தடவித்தான் காட்டினேன். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார், தாங்க முடிந்தது. ஒரே புள்ளியில் சுரீரென்று குத்தினாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம், அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். என்னுடையது அந்த வகை இல்லை. தூரத்தைக் குறைத்து, அடியைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு விழும் அடிகளைக் கொஞ்சம் கூட்டினேன். பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழாமல், அடிக்கு அடி அதிர்வு குறைந்தது.

அவர் தந்த அளவுகோல்தான் எனக்குக் கடைசிவரை துணை. பத்துக்கு மூன்றுக்குள் இருக்கும் வலியோடு ஓடலாம்; ஓட ஓட அது ஏறக் கூடாது; மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு ஓய்வு. ஒவ்வொரு நாளும் காலண்டர் தாளின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதிவைத்தேன்.

குதிகால்தான் என்னை அதிகம் சோதித்தது. தூங்கி எழுந்து தரையில் வைக்கும் முதல் சில அடிகள் முள்மேல் நிற்பதுபோல இருக்கும். சமையலறைக்குப் போவதற்குள் தணிந்துவிடும். குதிகாலிலிருந்து விரல்கள்வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டையின் வலி அது. நாள் முழுக்க டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பது ஆகாது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். என் மாமியாருக்கு இது பெரிய சங்கடம். “வீட்டுக்குள்ள செருப்பா?” என்று முகம் சுளித்தவர், வாசல்படி தாண்டாத புதுச் செருப்பு என்று காட்டிய பிறகு சமாதானமானார். பூஜை அறைப் பக்கம் மட்டும் அதைக் கழற்றிவிடுவேன்.

மருந்தைவிட எனக்குப் பலன் தந்தது ஒரு படிக்கட்டுப் பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டிக் கொடுத்து, குதிகாலை மெல்ல உயர்த்தி, சற்று நிறுத்தி, மெல்லக் கீழிறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். அவசரப்பட்டால் பலனில்லை. வாரங்கள் சென்ற பிறகு ஒரு காலையில், வலியை நினைக்காமலே காபி போட்டு முடித்திருந்தேன்.

முழங்காலின் வெளிப்பக்க வலிக்குக் காரணம் சாலை. தண்ணீர் வடிவதற்காகச் சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும் என்று எப்போதும் வலது ஓரத்திலேயே ஓடினால், வலது கால் தினமும் பள்ளத்தில் விழுகிறது. நீண்ட ஓட்டங்களை மெரினாவின் சமதளமான நடைபாதைக்கு மாற்றினேன். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியால் இடுப்புச் சதைகளும் வலுப்பெற்றன.

மழைக்காலத்தைப் பற்றி என்ன சொல்ல! தேங்கிய நீருக்கடியில் பள்ளம் தெரியாது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து இரண்டு நாள் காயவைக்க வேண்டும். தொடை உரசலுக்கு வாஸ்லைன் தடவாமல் கிளம்ப முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புயல் எச்சரிக்கையில் 30 கிலோமீட்டர் ஓட்டமே போனது. அதை ஈடுகட்ட மறுவாரம் கூடுதலாக ஓடவில்லை. மார்கழி பிறந்ததும் தூரத்தைக் குறைக்கும் காலம் வந்தது. ஈரக் கோலங்களை மிதிக்காமல் ஒதுங்கி, கோயில் ஒலிபெருக்கியில் பாசுரம் கேட்டபடி ஓடிய அந்த நாட்களை நான் மிகவும் நேசித்தேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஓடுவதற்கு முன் வலிமாத்திரை போடாதீர்கள். உடலில் நீர் வற்றும் நேரத்தில் ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்துக்குச் சுமை. அதோடு, நிற்கச் சொல்லும் வலியின் வாயையும் அவை அடைத்துவிடும்.

ஓட்ட நாளில் நேப்பியர் பாலத்தருகே இருட்டிலேயே கூடினோம். பழகிய உணவைத்தான் சாப்பிட்டேன்: முந்தைய இரவு இட்லி, காலையில் வாழைப்பழம், வழியில் பேரீச்சம்பழமும் உப்பும் எலுமிச்சையும் கலந்த நீரும். முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு தசையில் சேமித்த மாவுச்சத்து தீரத் தீர, கால்கள் கனத்தன. முழங்கால் வலி நான்கைத் தொட்டது. நடந்தேன். மூன்றுக்கு இறங்கியதும் ஓடினேன். வெயில் ஏறிய பிறகு, கடைசிவரை இப்படி மாறிமாறித்தான் போனேன். ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது.

அடுத்த சில நாட்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்க முடிந்தது. இரண்டு வாரம் ஓடவே இல்லை. குதிகால் வலி திரும்ப வரவில்லை, முழங்கால் வலி ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. படிக்கட்டுப் பயிற்சியை மட்டும் விடவில்லை. மாமியாரும் இப்போது தன் குதிகாலுக்காக என்னோடு சேர்ந்து செய்கிறார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, துண்டு இல்லாமல்.