காணாமல் போன ஒரு சென்ட்

லீவு விட்டுப் பத்து நாள்கூட ஆகலை, நம்ம சின்னவன் ஏழாம் வாய்ப்பாட்டைக் காவிரியில் கரைத்துவிட்டான். ஏழேழு என்னடா என்றால், "நாப்பத்துச் சொச்சம்." சொச்சமாம்! போன வாரம்தான் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டைக் காட்டிக் கூட்டி வந்தோம், காற்றாவது படட்டுமே என்று. "அவருக்கும் லீவுல கணக்குப் போடச் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு வந்தான்.

நேற்று மத்தியானம் திண்ணையில் பின்னம். வெள்ளரிப் பிஞ்சை நாலாக நறுக்கி, ஒரு துண்டு கால், ரெண்டு துண்டு அரை என்று ஆரம்பித்தேன். முக்கால் வருவதற்குள் உப்பும் மிளகாய்த்தூளும் கேட்டான். தட்டில் பூஜ்யம் மிஞ்சியது.

ஈசிச்சேரில் தூங்குவதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்த மாமனார் கண்ணைத் திறக்காமலே, "முக்காலே அரைக்கால் எவ்வளவு?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியாமல் நான் விரல்விட்டு எட்டில் ஏழுக்கு வந்து சேர்வதற்குள் மாகாணிக்குப் போய்விட்டார். நான் பி.காம். எங்களுக்கு மாகாணி பாடத்திலேயே இல்லை.

பிறகு நிலக் கணக்கு. "ஒரு மா முப்பத்துமூணு சென்ட். மூணு மா ஒரு ஏக்கர்." சின்னவன் நாக்கைத் துருத்திக்கொண்டு நோட்டில் பெருக்கினான். "தொண்ணூத்தொம்பதுதான் வருது. ஏக்கருக்கு நூறு சென்ட்டாச்சே. ஒரு சென்ட் எங்க தாத்தா?"

அவ்வளவுதான், நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு சென்ட் எங்கே என்று அவருக்கு முப்பது வருஷமாகத் தெரியும். வடவண்டை வயல்காரப் பங்காளி வரப்பில் அண்டை வெட்டும்போதெல்லாம் மண்வெட்டி நாலு விரக்கடை நம்ம பக்கம் சாயுமாம். கல்யாணமாகி வந்த மறுநாளே எனக்குச் சொல்லப்பட்ட புராணம்.

செல்போனை எடுத்தேன், புத்தி கெட்டுப்போய். குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400. மூணு மாவுக்கு 43,200. ஏக்கரோ 43,560. "ஊருக்கே 360 சதுர அடி குறையும் மாமா, யாரும் திருடலை."

மனசுக்குள் வகுத்தார். "ரெண்டரைக் குழி!"

அதுவரை சந்தேகமாக இருந்ததற்கு நானே அளவு கொடுத்துவிட்டேன். வெயில் தாழ்ந்ததும் தாத்தாவும் பேரனும் என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உளுந்து பிடுங்கின வயலுக்குக் கிளம்பினார்கள். அறுபது இன்ச் டேப்பு!

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்கள். சின்னவன் வாயெல்லாம் இளநீர் வழுக்கை. டேப்பு பத்தாமல் வெடிப்பில் மாட்டிக்கொள்ள, மறுமுனையைப் பிடிக்க வந்தவர் பங்காளியேதானாம். அளந்து முடிக்கவில்லை, மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்களாம், "செத்துப்போன யாரையோ பத்தி".

"ஏழேழு?" என்றேன் சும்மா.

"நாப்பத்தொம்பது. அந்தத் தாத்தா சொல்லிக் குடுத்தாரு."

"அடுத்தவன் சொத்துன்னா அவனுக்குக் கணக்கு நல்லாவே வரும்," என்றார் மாமனார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

என் டேப்பு அந்த வீட்டில் இருக்கிறது. நாளைக்குப் போய் வாங்கி வரணுமாம், ரெண்டு பேரும்.