எந்தச் சண்டைக்குப் போவது

தைப்பூசக் காவடிக்கு இரண்டு நாள் முன்பு, மொரிஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் நாங்கள் போகும் கோவிலில் என் தம்பியின் காவடியை ஊர்வலத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். அம்மா கொதித்துப்போனார். "நீ போய்க் கேளு" என்றார். தம்பியோ தென்னங்குருத்தை முடைந்துகொண்டே, "விடுக்கா, முருகனுக்கு என்னைத் தெரியும்" என்றான். விரதம் இருப்பவனே அமைதியாக இருக்கும்போது நான் எதற்குக் கத்த வேண்டும்? விட்டுவிட்டேன்.

வரிசை என்றாலே அற்ப விஷயம் என்று சொல்ல வரவில்லை. மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி என்பதுதான் வழக்கம். 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழ் இந்திக்குக் கீழே போனது. தமிழர்கள் எதிர்த்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. இன்று இந்நாட்டுத் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நூறு ரூபாயை எடுத்துப் பார்த்தாலும் தமிழ் அதன் பழைய இடத்தில்தான் இருக்கிறது. அன்று பேசாமல் இருந்திருந்தால் இழப்பு பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

நான் தமிழ் ஆசிரியை. போன வருடம் புது அட்டவணையில் தமிழ் வகுப்பையும் விளையாட்டு நேரத்தையும் ஒரே மணியில் வைத்துவிட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை பந்தை விட்டுவிட்டுத் தமிழுக்கு வருமா? மூன்று முறை போய்ப் பேசினேன். குரல் நடுங்கியது, ஆனாலும் உட்கார்ந்தே இருந்தேன். நான்காம் வாரம் மாற்றினார்கள். இப்போது செவ்வாய்க்கிழமை காலையில், வியர்வை இல்லாத பதினொரு முகங்கள் என் முன்னால்.