சாமிக்கு யாரு வக்கீல்?

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல ஆடி மாசம் பொறந்தா போதும், அத்தை ஒரு பக்கம் சமயபுரத்தா படத்த போடுவாங்க, கொஞ்ச நேரத்துல சித்தப்பா பெரியார் சிலைக்கு அடியில இருக்குற அந்த "கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை" வாசகத்த போடுவாரு, அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் சாப்டியான்னு கூட கேக்க மாட்டாங்க. அக்காவும் தம்பியும் தான். ஒரே வீட்ல ஒரே சோறு தின்னு வளந்தவங்க. வருசா வருசம் ஒரே சண்டை, ஒரே பதில், ஒரே ஸ்டிக்கர்.

கடவுள் இருக்கா இல்லையான்னு என்னைக் கேட்டா நான் சித்தப்பா கட்சி தான், அதுல மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா இந்த "இருக்கா இல்லையா" பட்டிமன்றம் எனக்கு சலிச்சுப் போச்சு, ஏன்னா அது எப்பவும் ஒரே எடத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. அதவிட ஒரு கேள்வி எனக்கு முக்கியமா படுது. நாம ஒரு நோய ஆத்தாங்குறோம், ஒரு நதிய பொண்ணுங்குறோம், மொழிய தாய்ங்குறோம், சரி, ஆள் ஆக்கியாச்சு. ஆனா அந்த ஆளுக்கு வாய் இல்லையே, அப்ப அவங்க சார்பா பேசுறது யாரு?

அம்மை விசயத்தையே எடுத்துக்குவோம். எங்க பக்கம் யாருக்காவது அம்மை போட்டா நோய்னு சொல்ல மாட்டாங்க, "அம்மா வந்திருக்கா", கொப்புளம் "முத்து". வாசல்ல வேப்பிலைய சொருகிடுவாங்க, வெளியாளு உள்ள வரக்கூடாது, வீட்ல தாளிக்கக் கூடாது, படுத்துருக்குறவங்களுக்கு வேப்பிலைப் படுக்கை, இளநி, மோரு, அப்புறம் தலைக்கு தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த கட்டுப்பாடு அத்தனையும். சித்தப்பாவுக்கு இது மூட நம்பிக்கை. ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா வாசல்ல வேப்பிலை தொங்குறதுன்னா "இந்த வீட்டுக்கு வராதீங்க"ன்னு போர்டு மாட்டுன மாதிரி தானே, கிருமின்னா என்னன்னே தெரியாத காலத்துல ஒரு ஊரையே தள்ளி நிக்க வைக்கணும்னா சும்மா "வராத"ன்னா எவன் கேப்பான், உள்ள ஒருத்தி உக்காந்துருக்கா, கோவக்காரி, தீட்டோட வந்தா பொறுக்க மாட்டான்னு சொன்னா கேப்பான். ஆள் ஆக்குனதால தான் அந்த கட்டுப்பாடு நின்னுச்சு.

இதே ஆள் இன்னொரு வேலையும் பண்ணுவா. "ஆஸ்பத்திரிக்கு போகாத, மாத்திரை போட்டா ஆத்தாவுக்கு கோவம் வரும்." சின்னம்மைக்கு குடுக்குற அசைக்ளோவிர் மாத்திரை கொப்புளம் கெளம்புன 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா தான் நல்லா கேக்கும், பெரியவங்களுக்கு வந்தா குழந்தைங்கள விட கஷ்டம் அதிகம், அதனால அவங்களுக்கு அது ரொம்ப முக்கியம். அந்த ஒரு நாள வேப்பிலைக்கு குடுத்துட்டு அப்புறம் நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்குனதும் தூக்கிட்டு ஓடுற வீடுங்கள நான் பாத்துருக்கேன். வேப்பிலை வேணாங்கல, வேப்பிலையும் வைங்க மாத்திரையும் போடுங்க. ஆத்தாவுக்கு கோவம் வரும்னு யாருகிட்ட ஆத்தா சொன்னா? இதான் என் கேள்வி. அவ வந்துருக்கான்னு நீங்க நம்புறதுல எனக்கு தகராறு இல்ல, அவளுக்கு மாத்திரை புடிக்காதுன்னு எவன் சொன்னாங்குறதுல தான் தகராறு.

இன்னொன்னு, பெரியம்மை உலகத்துலயே இல்லன்னு உலக சுகாதார அமைப்பு 1980 மே மாசம் அறிவிச்சுட்டாங்க. இந்தியாவுல கடைசி கேஸ் 1975. ஒழிச்சது தடுப்பூசி, அதுல சந்தேகமே வேணாம். நியாயப்படி நோய் போனதும் மாரியம்மனும் போயிருக்கணும்ல, போகலையே. சமயபுரத்துல இன்னைக்கும் மாசி கடைசி ஞாயித்துக்கிழமை பூச்சொரிதல் ஆரம்பிச்சா 28 நாள் பச்சைப் பட்டினி, அதுவும் பக்தருங்க மட்டும் இல்ல, அம்மனே நமக்காக விரதம் இருக்கா, துள்ளுமாவு, இளநி, பானகம், நீர்மோரு தான் நைவேத்தியம். நமக்காக பட்டினி கெடக்குற சாமி! இத ஒரு நோய்க்கு வச்ச முகமூடின்னு மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரல. கோயம்புத்தூர் பக்கம் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கு, பிளேக் போயி எத்தனை காலம் ஆச்சு, அவ அங்கயே இருக்கா. 2021ல இருகூர் பக்கம் காமாட்சிபுரி ஆதீனத்துல கருங்கல்லுல கொரோனா தேவி வச்சப்ப சித்தப்பா குரூப்புல விழுந்து விழுந்து சிரிச்சாரு, அத்தை ஒரே வரி தான் போட்டாங்க, "பேரு இல்லாத பயத்த எப்படிடா கும்புட்றது". அன்னைக்கு சித்தப்பா பதில் போடல, ஆக்ஸிஜன் சிலிண்டர் தேடி எல்லாரும் அலைஞ்சிட்டிருந்த நேரம் வேற.

சித்தப்பா பக்கமும் ஒரு விசயம் கேக்கணும். பகுத்தறிவு பேசுற ஊர்ல தமிழ்த்தாய் யாரு? சுந்தரம் பிள்ளை 1891ல மனோன்மணீயத்துல எழுதுன "நீராருங் கடலுடுத்த" பாட்ட 1970ல தமிழ்த்தாய் வாழ்த்தா அரசு விழாவுக்கு கொண்டு வந்தது தி.மு.க. ஆட்சி. காரைக்குடியில தமிழ்த்தாய்க்கு கோயிலே இருக்கு. மொழிய பொண்ணாக்கி, தாயாக்கி, பாட்டு பாடி, எந்திரிச்சு நின்னு, அதுக்காக உசுர குடுத்தவங்களும் உண்டு. இத பெரியார் ஒத்துக்கல, மொழிங்குறது கருவி, அத தாய்னு கும்புடுறதும் இன்னொரு பக்தி தான்னு காலாகாலத்துக்கும் திட்டிக்கிட்டு தான் இருந்தாரு. அந்த ஒரு விசயத்துல அந்த மனுசன் மாதிரி நேர்மையா யாரும் இல்ல. (ஈரோட்டுல ஒரு காலத்துல தேவஸ்தானக் கமிட்டிக்கே தலைவரா இருந்தவரு, உள்ள இருந்து பாத்துட்டு வந்து பேசுனவரு.) ஆனா தமிழ்த்தாய் வாழ்த்து போட்டா சித்தப்பாவுக்கு கண்ணு கலங்கும், நான் பாத்துருக்கேன். எனக்கும் தான்.

சரி சட்டத்துக்கு வருவோம், இங்க தான் எனக்கு சுவாரசியமே. நம்ம நாட்டு சட்டப்படி கோயில் சாமி ஒரு ஆள். சொத்து வச்சுக்கலாம், கேஸ் போடலாம், அவங்க மேலயும் கேஸ் போடலாம். 1925ல கல்கத்தா முல்லிக் குடும்பத்து கேஸ் அப்ப நமக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு, குலசாமி விக்கிரகத்த முறை வர்றப்ப தன் வீட்டுக்கு தூக்கிட்டு போலாமா கூடாதான்னு அண்ணன் தம்பிங்களுக்குள்ள சண்டை. அந்த நீதிபதிங்க என்ன சொன்னாங்கன்னா, விக்கிரகம் ஒண்ணும் மேசை நாற்காலி இல்ல, எங்க இருக்கணும்னு அதுக்கும் ஒரு விருப்பம் இருக்கும், அத கேக்கணும், ஆனா சண்டை போடுற ரெண்டு தரப்புமே அதுக்காக பேச முடியாது, இதுல லாபம் நட்டம் இல்லாத வேற ஒருத்தர சாமி சார்பா போடுங்கன்னாங்க. எனக்கு இத படிச்சப்ப கைதட்டணும் போல இருந்துச்சு. சாமி இருக்கா இல்லையான்னு அவங்க தீர்ப்பு சொல்லவே இல்ல. யாரு பேசுறாங்குறத மட்டும் தான் பாத்தாங்க.

அதவிட பெரிய கதை நம்ம பத்தூர் நடராஜர். அப்ப தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்த பத்தூர்னு ஒரு ஊரு, பாழடஞ்ச விஸ்வநாதசாமி கோயில், 1976ல கூலி வேலை பாக்குற ஒருத்தர் குடிசை கிட்ட தோண்டும்போது சிலைங்க கெடைக்குது, கை மாறி கை மாறி நடராஜர் லண்டனுக்கு போயிட்டாரு, பம்பர் டெவலப்மென்ட்னு ஒரு கனடா கம்பெனி 2,50,000 பவுண்டுக்கு வாங்கிருச்சு. சரி பண்றதுக்காக பிரிட்டிஷ் மியூசியத்துல இருந்தப்ப போலீஸ் எடுத்துக்கிட்டாங்க. கோர்ட்ல யாரு சொந்தம் கொண்டாடுறது? பூசை நின்னு போயி காலம் ஆன கோயில், ஊரே மறந்த கோயில். கேஸ்ல உரிமை கேட்டவங்க பட்டியல்ல இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் இருந்துச்சு, கூடவே அந்த கோயிலும், அங்க மிஞ்சிக் கெடந்த சிவலிங்கமும்! 1988ல லண்டன் நீதிபதி, அந்தக் கோயில 12ஆம் நூற்றாண்டுல கட்டுனவனோட பக்தி எண்ணம் இன்னும் சாகல, அது அந்த லிங்கத்துல ஆளா உக்காந்துருக்குங்குற மாதிரி தீர்ப்பு எழுதுனாரு. 1991ல அப்பீல் கோர்ட்டும் கோயில் கேஸ் போடலாம்னு ஒத்துக்கிச்சு, கோயில் சார்பா நின்னது, நிர்வாகத்த பாத்துக்க அறநிலையத்துறை போட்ட தக்கார். நடராஜர் ஊர் திரும்புனாரு. சிவன் மேல ஒரு துளி நம்பிக்கையும் இல்லாத ஒரு வெள்ளக்கார நீதிமன்றம், ஆள் ஆக்குற நம்ம பழக்கத்த மதிச்சதால மட்டும் ஒரு திருட்டு சொத்து திரும்பி வந்துருக்கு. கடவுள் இல்லங்குற நானும் இதுல சிவன் பக்கம் தான்.

ஆனா இதே பழக்கம் எவ்வளவு மோசமா போகும்னா மதுரைக்கு போங்க. 1939 ஜூலை 8, வைத்தியநாத ஐயர் தலைமையில தாழ்த்தப்பட்டவங்களும் நாடார் ஒருத்தரும் மீனாட்சி கோயிலுக்குள்ள போறாங்க. அது வரைக்கும் அவங்கள வெளியவே நிக்க வச்சதுக்கு என்ன காரணம் சொன்னாங்க, சாமிக்கு தீட்டு. உள்ள போனதுக்கு அப்புறம் எதிர்த்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா, மீனாட்சி கோயில விட்டுப் போயிட்டா. போயிட்டான்னு சொல்லி தனியா வேற எடத்துல மீனாட்சிய வச்சு கும்புடவும் செஞ்சாங்க. நான் மதுரைக்கு போறப்பல்லாம் இதத்தான் நெனச்சுக்குவேன். தடாதகையா பொறந்து, படையெடுத்து, நாடு ஆண்டதா சொல்ற பொண்ணு, வாசல்ல நாலு பேரு வந்ததுக்கு பயந்து வீட்ட விட்டு ஓடிட்டாளாம்! அவள நம்புறவன் இத நம்பலாமா? பக்தி இல்லாத எனக்கே அது அவளுக்கு பண்ணுன அவமானமா தெரியுது. அவ ஓடல, அவ பேர வச்சு பேசிட்டிருந்தவங்க தான் ஓடுனாங்க.

காவேரி கதை இதுக்கு நேர் எதிர். ஆடி 18க்கு காவேரி மசக்கையா இருக்கான்னு சித்ரான்னம் கட்டிட்டு போறோம், காதோலை கருகமணி விடுறோம், ஸ்ரீரங்கத்துல நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு வந்து தங்கச்சிக்கு சீர் குடுக்குறாரு, யானை மேல பட்டுப்புடவை வந்து எறங்கும். அதே ஆத்துல தான் சாக்கடையும் எறங்குது. எவ்வளவு அழகா ஆள் ஆக்கி வச்சாலும் அவளுக்காக பேச ஒருத்தரும் இல்லன்னா என்ன பிரயோசனம். 2017ல உத்தராகண்ட் ஹைகோர்ட் கங்கையும் யமுனையும் சட்டப்படி ஆளுன்னு சொன்னுச்சு, உடனே அந்த மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடி, வெள்ளம் வந்து சேதம் ஆனா ஆத்து மேல கேஸ் போடுவாங்களே, யாரு காசு குடுக்குறதுன்னு கேட்டுச்சு, தடையும் வாங்குச்சு. சிரிப்பா இருந்தாலும் நியாயமான கேள்வி தான், ஆளுன்னா வரவு மட்டுமா, செலவும் தானே.

இதுல கிராமத்து ஜனங்கள நான் ரொம்ப மதிக்கிறேன், ஏன்னா இந்த "யாரு பேசுறது" பிரச்சினை அவங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. ஒருத்தர் மேல சாமி வந்தா உடனே கால்ல விழுந்துட மாட்டாங்க, பெரியவங்க நிறுத்தி வச்சு கேப்பாங்க, நீ யாரு, எந்த எல்லை, என்ன அடையாளம், நெசமா நீ தான்னா சூடத்த கையில வாங்கு. அப்பட்டமான குறுக்கு விசாரணை! அதவிட நல்ல ஏற்பாடு பூக்கேக்குறது. எந்தப் பூ வந்தா சாமிக்கு சம்மதம்னு முன்னாடியே பேசிட்டு, வெள்ளையும் செவப்புமா பூவ ரெண்டு பொட்டலம் கட்டி சாமி முன்னாடி போட்டு ஒரு சின்னப் புள்ளைய விட்டு எடுக்கச் சொல்றது. காங்கேயம் பக்கம் சிவன்மலையில இத இன்னும் மேல கொண்டு போயிருக்காங்க, முருகன் எந்த பக்தர் கனவுல வேணா வந்து ஒரு பொருள சொல்லலாம், அவரு வந்து சொன்னா அங்கயும் பூ போட்டு பாத்துட்டு தான் அந்தப் பொருள எல்லாரும் பாக்குற மாதிரி கோயில்ல இருக்குற உத்தரவுப் பெட்டியில வைப்பாங்க. கனவு கண்டவர் சொன்னாரேன்னு அப்படியே வச்சுட மாட்டாங்க. அப்புறம் டிவியில அதுக்கு அர்த்தம் சொல்ல ஒரு கூட்டம் வரும், அது வேற வியாபாரம்.

போன வருசம் எங்க குலசாமி கோயில்ல பூசாரி, அய்யனாருக்கு தலைக்கு மேல காங்கிரீட் கூரை வேணுமாம், கனவுல வந்து கேட்டாருன்னு சொன்னாரு. பங்காளிங்க பாதிப் பேரு தலையாட்டிட்டாங்க, காண்ட்ராக்ட் யாருக்குங்குறது வரைக்கும் பேச்சு போயிருச்சு. அத்தை தான் எந்திரிச்சு, அய்யனாரு வெயில்லயும் மழையிலயும் ஊர சுத்துற சாமி, அவருக்கு எதுக்கு கூரை, பூ போடுங்கன்னாங்க. போட்டாங்க, கூரை வேணாம்னு வந்துச்சு. பூசாரி மூணு தரம் போடணும்னாரு, அத்தை ஒத்துக்கல. அந்த ஒரே தடவ தான் சித்தப்பா அக்காவுக்கு குரூப்புல கைதட்டுற ஸ்டிக்கர் போட்டாரு. கோயில் வரியும் குடுத்தாரு. என்ன சித்தப்பா நீங்களான்னேன், அது பங்காளி கணக்குடா, சாமி கணக்கு இல்லன்னாரு.