பேர் வெட்டிய பிறகு அரை வேலை

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் ‘பகுதி ஓய்வு’ என்று யாரும் சொல்வதில்லை. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பெயரேட்டில், பேர் வெட்டப்பட்டவர் அடுத்த மாதமே கைக்காசுக்கு, அதாவது அன்றன்றைக்குக் காசு வாங்கும் வேலைக்கு, கொழுந்து எடுக்க வருவார். அதே மலை, அதே கங்காணி, கணக்கு மட்டும் வேறு. அந்தக் கணக்கு சரியாக அமைவது, முழுநேர வேலையை எப்படி முடித்தோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் வயது. ஊழியர் சேமலாப நிதியை (ஈ.பி.எஃப்.) எடுக்கும் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. வேலையை விட்டு அனுப்பும் வயது அதுவல்ல. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் வயதைக் காரணம் காட்டி பொதுவாக 60க்கு முன் அனுப்ப முடியாது. ‘அம்பது முடிஞ்சிருச்சி’ என்று பேர் வெட்ட வந்தால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சேவைக்காலப் பணம். 5 வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம். கணக்குக்கு எடுப்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தை. நாட்சம்பளம் 1,350 ரூபாய், சேவை 30 வருடம் என்றால் 14 × 30 × 1,350 = 567,000 ரூபாய். சம்பளம் 200 ரூபாய் கூடிய பிறகு வேலை முடிந்தால் இதே கணக்கில் 84,000 கூடும். சம்பள உயர்வு பேச்சில் இருக்கும்போது அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

வேலை முடிந்து 30 நாளுக்குள் அந்தப் பணம் கைக்கு வர வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் சிக்கல். ‘காசு வந்ததும் தாறோம், அதுவரைக்கும் கைக்காசுக்கு வாங்க’ என்பார்கள். கடிதம் இருக்காது. எந்தத் திகதியில் வேலை முடிந்தது என்றே தெரியாமல் மாதங்கள் ஓடும். வேலை தொடங்கிய திகதி, முடிந்த திகதி, நாட்சம்பளம், இந்த மூன்றும் எழுதிய கடிதத்தை வாங்கிய பிறகே கைக்காசுக்குப் போங்கள். பணம் வராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் காட்டி முறையிடலாம்.

பேர் விஷயமும் உண்டு. அடையாள அட்டையில் செல்லாயி, ஈ.பி.எஃப். பதிவில் செல்லம்மா என்றிருந்தால், பேர் வெட்டுவதற்கு முன்பே திருத்துங்கள். பிறகு தோட்ட ஆபீசில் பழைய ஏட்டைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது.

பழைய கணக்கை முடித்துப் புதிதாகச் சேர்ந்தவருக்கு மீண்டும் சேவைக்காலப் பணம் வேண்டுமென்றால் இன்னும் 5 வருடம் முடிய வேண்டும். 61 வயதில் தொடங்கினால் 66 வயதில்தான். ஈ.பி.எஃப். அப்படியல்ல. கைக்காசு, கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), கிலோச் சம்பளம் என்று சட்டம் யாரையும் ஒதுக்கவில்லை. சம்பளத்தில் தொழிலாளி 8, தோட்டம் 12 சதவீதம் கட்ட வேண்டும். கேட்காவிட்டால் கட்டமாட்டார்கள்.

கிலோச் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ளும்போது கொழுந்து குவியும் மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலில் கொழுந்து குறையும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று. கொழுந்தின் ஈரத்துக்கும் சாக்கின் எடைக்கும் எத்தனை கிலோ வெட்டுவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு மலையைவிடத் தவறணையில் (நாற்று வளர்க்கும் இடத்தில்) பை நிரப்பும் வேலை தோது. சம்பளம் குறைவாக இருந்தாலும் மழை நாளிலும் கூரைக்கடியில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.