தமனியை அளப்பது

தமனியை உள்ளிருந்து விரித்துத் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்டைச் சோதிக்க, மயக்கத்தில் இருந்த பன்றியின் இதயத் தமனி இன்று திரையில் கறுப்புக் கோடாக விரிந்தது.

அங்கே அளவுகோல், உள்ளே நுழைத்த கதீட்டர் என்ற மெல்லிய குழாய்தான். கதீட்டரை அளக்கும் ‘பிரெஞ்ச்’ அலகில் 6 என்றால் வெளிவிட்டம் 2 மில்லிமீட்டர்; அதை வைத்தே தமனியின் விட்டத்தைக் கணக்கிடுகிறோம்.

முதலில் தமனியைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் மருந்தைக் கொடுத்தாக வேண்டும். கதீட்டர் உரசினாலே பன்றியின் தமனி சுருங்கிக்கொள்ளும். அந்த நிலையில் அளந்தால் ஸ்டென்ட் சிறியதாகிவிடும். அளவுக்கு மீறிப் பெரியதை விரித்தாலோ சுவர் காயப்பட்டு, உட்புறம் திசு வளர்ந்து வழியை அடைக்கும். பழி கருவியின் மீது விழும்.

ஓர் உயிர் அவசர அளவீட்டால் வீணாவதை என்னால் ஏற்கவே முடியாது.

பண்ணைப் பன்றிகள் வேகமாக வளர்பவை; கூடவே தமனியும் பெரிதாகும். ஆகவே நீண்ட ஆய்வுகளுக்குக் குறும்பன்றிகளையே கேட்கிறேன், செலவு கூடினாலும்.