ஒற்றைக் கயிறும் ஒரு பட்டுப்போன கொம்பும்

மரம் ஏறி வேலை செய்யத் தொடங்கிய காலம் முழுவதும் இரட்டைக் கயிற்றிலேயே பழகியவன் நான். கிளைக்கு மேலாகப் போய்த் திரும்பும் கயிற்றில் ஒரு மீட்டர் உயர, இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். உச்சியை எட்டும்போதே தோள் சோர்ந்திருக்கும். ரம்பத்தை எடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.

ஒற்றைக் கயிற்று முறையில் கயிறு அசையாமல் நிற்கும். நாம்தான் அதன்மேல் நகர்கிறோம். பாதத்தில் ஒரு கயிற்றுப் பிடிப்பான், முழங்காலில் ஒன்று. மாறி மாறி மிதித்துப் படியேறுவதுபோல ஏறலாம். சுமை தொடைக்குப் போய்விடுகிறது. முதல் நாளே இனி வேறு முறை வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

இறங்கும்போதுதான் தடுமாறினேன். இரட்டைக் கயிற்றில், கயிற்றைச் சுற்றி இறுகி நம்மை நிறுத்தும் உராய்வு முடிச்சு நம் எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் தாங்கும். ஒற்றைக் கயிற்றில் முழு எடையும் அதன்மேல் விழுவதால் முடிச்சு இறுகிக்கொண்டு நகர மறுக்கும். வலுக்கட்டாயமாகத் தளர்த்தினால் திடீரென்று வழுக்கும். அதனால்தான் முடிச்சுக்கு மேலே ரோப் ரெஞ்ச் போன்ற கருவியைப் பூட்டி உராய்வைப் பகிர்கிறார்கள். ஏறுவதிலிருந்து இறங்குவதற்கு மாறும் அந்த ஒரு செயலை, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கியபடியே கை தானாகச் செய்யும்வரை பழகினேன். புதிதாக வருபவர்கள் முதல் வாரத்தை இதற்கே கொடுத்துவிட வேண்டும் என்பேன்.

ஆனால் இந்த முறை என்னிடம் உண்மையில் கேட்டது கண்ணை. கயிற்றை மேலே ஒரு கவையில் போட்டு, மறுமுனையை அடிமரத்தில் கட்டி ஏறும்போது, கயிற்றின் இரு பக்கங்களும் கவையைக் கீழே இழுக்கின்றன. 80 கிலோ எடையுள்ளவர் தொங்கினால் கிளையின்மேல் ஏறத்தாழ 160 கிலோ விழும். பட்டையின் உராய்வு அதைச் சற்றுக் குறைக்கலாம். துள்ளி ஏறுபவரின் அசைவு அதைக் கூட்டவும் செய்யும். இரட்டைக் கயிற்றில் போதுமாக இருந்த கிளை இங்கே போதாமல் போகலாம்.

ஒரு காலையில் எறிநூலை நான் நினைத்த கவைக்குள்ளேயே வீசிவிட்டேன். எடைப் பை சரசரவென்று இறங்கி வந்தது. நூலோடு கயிற்றை இழுத்து மேலேற்றி அடியில் கட்டியாயிற்று. கீழிருந்து பார்க்கக் கயிறு பருத்த கவையில்தான் கிடந்தது. வழக்கப்படி நானும் உடன் வேலை செய்தவரும் சேர்ந்து கயிற்றில் தொங்கினோம். மேலே ‘டக்’கென்று ஒரு சத்தம். கயிறு ஒரு முழம் கீழே இறங்கி நின்றது. பட்டை உதிர்ந்த கொம்பு ஒன்று எங்களிடமிருந்து இரண்டடி தள்ளி விழுந்தது. கவைக்குப் பின்னால், இலைகளின் மறைவில், பட்டுப்போன அந்தக் கொம்பின்மேல்தான் கயிறு கிடந்திருக்கிறது. முறிந்த இடத்தை விரலால் அழுத்தினேன். ஈர ரொட்டிபோல அமுங்கியது.

இரண்டு பேர் தொங்கிப் பார்க்காமல் நான் மட்டும் ஏறியிருந்தால் அந்தக் கொம்பு முதலில் தாங்கியிருக்கவும் கூடும், பாதி உயரம் போகும்வரை. அதை இன்றும் என்னால் அமைதியாக நினைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து பைனாகுலர் என் கயிற்றுப் பையிலேயே இருக்கிறது. நூல் விழுந்ததும் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன்: கயிறு எதன்மேல் கிடக்கிறது, அது முறிந்தால் அடுத்து எந்தக் கிளை பிடிக்கும், அடிமரம் வேரோடு சேரும் வேர்க்கழுத்தில் அழுகலைக் காட்டும் காளான் இருக்கிறதா. அடிமரத்தில் போட்ட கட்டும் கவனம் கேட்கிறது. என் உயிர் தொங்கும் கயிறு தரைக்கு அருகில்வரை வருகிறது. அதன் அருகில் யாரும் ரம்பத்தை இயக்கக் கூடாது. அந்தக் கட்டைத் தளர்த்தி இறக்கும் விதத்தில் போட்டுவைத்தால், மேலே மயங்கிப்போனவரைக் கீழிருப்பவரே இறக்கிவிடலாம். இதற்குக் கட்டியவருக்கு மட்டும் இறக்கும் முறை தெரிந்தால் போதாது.

சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி, ஹார்னஸை மாட்டிக்கொண்டு, “அண்ணா, ஏறட்டுமா?” என்றான். பைனாகுலரை அவன் கையில் கொடுத்தேன். மரத்தைச் சுற்றி வந்தவன் பாதி வழியில் நின்று, மறுபக்கம் போய் மீண்டும் பார்த்துவிட்டு, எறிநூலைத் திரும்ப இழுக்கத் தொடங்கினான்.